மதமும் ராஜாங்கமும்: புதுக்கோட்டை புகட்டும் பாடம்

ராஜாங்க நிர்வாகத்தில் மதத்துக்கு இடம் உண்டா, இல்லையா என்ற விவாதம் நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. சட்டசபையிலும் பொதுமேடைகளிலும் பத்திரிகைகளிலும் இரண்டு கட்சியாரும் உரத்த குரலில் வாதாடி வருகின்றனர். மதமே தேசத்தின் உயிர் என்றும், ஆகையால் ராஜாங்கமும் அதைத் தழுவியே நடக்க வேண்டும் என்றும் ஒரு கட்சியார் கூறுகின்றனர். மதம் வீட்டோடு நிற்க வேண்டும் என்றும், அதன் நிழல்கூடப் பொது வாழ்வின்மீது விழலாகாது என்றும் மற்றொரு கட்சியார் சாதிக்கின்றனர். இருதிறத்தாரும் தங்கள் வாதத்துக்கு ஆதாரமாகப் பிரான்ஸையும் அமெரிக்காவையும் பாகிஸ்தானையும் உதாரணம் காட்டத் தவறுவதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை என்பது நம் அபிப்பிராயம். திருச்சிக்குத் தெற்கே இருக்கும் புதுக்கோட்டையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலே இந்த விவாதத்தின் சகல பக்கங்களும் தெரிந்துவிடும். தெய்வத்தையே ராஜ்யத்தின் தலைவியாகக் கொண்டாடிய ஊர் அது. கோவில் வழக்கத்தைச் சட்டத்தால் மாற்றலாம் என்று வாதித்த ஒரு வீராங்கனையையும், மாற்றலாகாது என்று வாதித்த ஒரு தேசபக்தரையும் பெற்றெடுத்த மண் அது. ஒரு சின்னஞ்சிறு ஐயனார் கோவிலின் வாசலில் இந்தியக் குடியரசின் சட்டம் சோதனைக்கு நின்றதும் அதே ஜில்லாவில்தான். எனவே, நேயர்களைச் சற்று நேரம் புதுக்கோட்டைச் சீமைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அம்மனின் ராஜ்யம்

1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி இந்திய யூனியனோடு இணைக்கப்படும் வரையில் புதுக்கோட்டை ஒரு சுதேச சமஸ்தானமாக இருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரகுநாத ராய தொண்டைமான் நிலைநாட்டிய அந்த ராஜ்யத்தின் மன்னர்கள் தங்களை ‘ஸ்ரீ பிரகதாம்பாள் தாஸ்’ என்று அழைத்துக்கொண்டனர். திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியிருக்கும் பிரகதாம்பாளே நாட்டுக்கு உடையவள், தாங்கள் அவளுக்கு ஊழியர்கள் என்பது அதன் பொருள். பட்டப் பெயரோடு அந்தக் கொள்கை நின்றுவிடவில்லை. சமஸ்தானம் அச்சடித்த செப்புக் காசின் ஒரு பக்கத்தில் அம்மன் வீற்றிருந்தாள். மறு பக்கத்தில் ‘விஜய’ என்ற சொல் தெலுங்கு எழுத்தில் இருந்தது. நவராத்திரிக் காலத்தில் அரண்மனையில் அரிசியோடு அந்த அம்மன் காசும் தானமாக வழங்கப்பட்டது. பிரகதாம்பாளுக்கு ‘அரைக்காசு அம்மன்’ என்ற பெயர் ஜனங்களிடையே வழங்குவதற்கும் இந்தக் காசே காரணம்.

அரசன் தன்னைத் தெய்வத்தின் தாசன் என்று எண்ணுவதில் ஒரு பெருமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. தானே தெய்வம் என்று அகங்கரித்த மன்னர்களையும், தெய்வமே தன் வாய்வழியாகப் பேசுகிறது என்று சொல்லி ஜனங்களை நசுக்கிய மன்னர்களையும் உலக சரித்திரம் கண்டிருக்கிறது. அவர்களோடு ஒப்பிட்டால், ‘தாஸ்’ என்ற சொல்லில் அடங்கிய பணிவு மேலானதே. அம்மனின் பெயரால் நடந்த அந்த ராஜ்யத்தின் எல்லைக்குள் ஆவூரில் மாதா கோவில் இருந்தது. திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசலில் முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்தே நேர்ந்துகொண்டனர். இன்றும் அங்கே அப்படித்தான் கூட்டம் கூடுகிறது. அதற்கும் முந்திய காலத்தில் சமண முனிவர்கள் தவமிருந்த குகைகளும் ஓவியங்களும் சித்தன்னவாசலில் இருக்கின்றன. பல சமயங்கள் அடுத்தடுத்து வாழ்ந்து பழகிய பூமி அது.

ஆயினும் அம்மனின் ராஜ்யம் என்ற ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை இருந்தது. அம்மன் பேசமாட்டாள். அவள் பெயரால் உத்தரவு போடுகிறவர் ஒரு மனிதர். அந்த உத்தரவு நியாயமற்றது என்று ஓர் ஏழைக் குடியானவன் கருதினால், அவன் யாரிடம் முறையிடுவது? உடையவளிடம் முறையிடலாம் என்றால், அவளுடைய சந்நிதிக்குச் செல்லும் உரிமையே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. தென்னாட்டின் பெருங்கோவில்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வாசல் திறந்தது, தேசம் சுதந்தரத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான். திருவாங்கூரில் 1936-ம் வருஷம் மகாராஜாவின் பிரகடனம் வெளிவந்தது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி. தெய்வத்தின் பேரால் ராஜ்யபாரம் நடத்துவது ஒன்று, தெய்வத்தின் குழந்தைகள் அனைவரையும் சமமாக நடத்துவது வேறொன்று. முன்னது இருந்தால் பின்னதும் தானே வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருமயத்துத் தீர்ப்பு

ராஜாங்கம் மத விஷயத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நல்லதொரு முன்மாதிரியும் இந்தச் சீமையிலேயே இருக்கிறது. திருமயத்தில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் பக்கத்தில் பக்கத்தில் குகைக் கோவில்கள் அமைத்திருக்கின்றனர். ஹரியும் ஹரனும் அயல் வீட்டாராக இருந்தும் அவர்களுடைய அடியார்கள் சமாதானமாக இருக்கவில்லை. நிலத்தின் வருமானம் யாருக்கு, எல்லை எது என்ற தகராறு நெடுங்காலம் நீடித்தது. இறுதியில் 1245-ம் வருஷம் ஹொய்சள சேனாதிபதி அப்பண்ண தண்டநாயகன் இருதிறத்தாரையும் கூட்டி வைத்து வழக்கைத் தீர்த்தான். அத்தீர்ப்பு கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வருமானம் இன்னாருக்கு இன்ன பங்கு என்று பிரிக்கப்பட்டது. இரண்டு கோவில்களுக்கும் இடையே ஒரு மதில் எழுந்தது.

அந்தச் சேனாதிபதி எதைச் செய்யவில்லை என்பதே இங்கே முக்கியம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்ற கேள்வியை அவன் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அது அவன் கையில் இருந்த வாளுக்கும் எட்டாத விஷயம். நிலம், வரி, எல்லை ஆகியவை மனிதர்களுக்குள் எழுந்த தகராறுகள். அவற்றைத் தீர்க்காமல் விட்டிருந்தால் பலவான் பக்கமே நியாயம் சாய்ந்திருக்கும். ஆகவே ராஜாங்கம் தலையிட்டது, தன் வேலை முடிந்ததும் விலகிக்கொண்டது. தெய்வம் எது, அதன் சித்தம் என்ன என்று ராஜாங்கம் ஒருபோதும் தீர்ப்புச் சொல்லலாகாது. மனிதனுக்கு மனிதன் செய்ய வேண்டிய நியாயம் என்ன என்று தீர்ப்புச் சொல்லாமல் ஒருபோதும் இருக்கலாகாது. எழுநூற்றெண்பது வருஷங்களுக்கு முன் திருமயத்தில் நடந்த காரியத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே. பின்வரும் விஷயங்களை எல்லாம் இந்த ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

ஒரே சீமையின் இரு மக்கள்

அந்தத் திருமயத்தில்தான் 1887-ம் வருஷம் ஸ்ரீ சத்தியமூர்த்தி பிறந்தார். அவ்வூர்ப் பெருமாளின் திருநாமமும் சத்தியமூர்த்தியே. அதற்கு முந்திய வருஷம், 1886 ஜூலை 30-ந் தேதி, புதுக்கோட்டையில் டாக்டர் முத்துலக்ஷ்மி பிறந்தார். தகப்பனார் மகாராஜா கலாசாலையின் தலைவர். தாயார் தேவதாசிக் குலத்தில் வந்தவர். ஆண் பிள்ளைகள் படிக்கும் கலாசாலையில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று பலர் ஆட்சேபித்தபோது, ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்தார். அந்தப் பெண் சென்னை மருத்துவக் கலாசாலையில் 1912-ம் வருஷம் பட்டம் பெற்று, 1926-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, அதன் உபதலைவராகவும் அமர்ந்தார்.

கோவில்களுக்குச் சிறு பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி போராடினார். அதை எதிர்த்தவர்களில் ஸ்ரீ சத்தியமூர்த்தியும் ஒருவர். அவருடைய தேசபக்தியையோ, தேசத்துக்காக அவர் அனுபவித்த சிறைவாசத்தையோ யாரும் சந்தேகிக்க முடியாது. அவர் சார்ந்திருந்த கட்சியின் வாதம் அற்பமானதும் அன்று. தலைமுறை தலைமுறையாக வந்த ஆலய சம்பிரதாயத்தில் சட்டசபை கை வைக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? அதுவும் அந்நியன் ஆதிக்கத்தில் இருக்கும் சட்டசபைக்கு நம் கோவிலைத் திருத்தும் அதிகாரம் ஏது? அன்றைய தேசபக்தர் பலரின் நெஞ்சில் இந்தக் கேள்விகள் இருந்தன.

இந்த வாதத்தைத் திருமயத்து அளவுகோலால் அளந்து பார்ப்போம். டாக்டர் முத்துலக்ஷ்மி கேட்டது என்ன? தெய்வத்துக்கு நாட்டியம் பிரியமா, அன்றா என்று சட்டசபை தீர்மானிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தன் சம்மதம் இன்னதென்றே அறியாத ஒரு சிறு பெண்ணின் வாழ்க்கையை, பெரியவர்கள் தெய்வத்தின் பெயரால் எழுதிக் கொடுத்துவிடலாமா என்றே கேட்டார். 1929-ம் வருஷத்துச் சட்டம் நிறைவேறிய விதமும் இதைக் காட்டுகிறது. கோவில் ஊழியம் செய்தால்தான் அனுபவிக்கலாம் என்ற நிபந்தனையோடு அவர்களுக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. பிழைப்புக்கு வேறு வழியில்லாத குடும்பங்களை அந்த நிபந்தனைதான் கட்டிப் போட்டிருந்தது. அச்சட்டம் நிபந்தனையை நீக்கி, நிலத்தை அவர்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. பின்னர் 1947-ம் வருஷத்துச் சட்டம் பொட்டுக்கட்டுவதையே தடை செய்தது. எந்தத் தெய்வத்தின் பூஜையும் அதனால் நின்றுவிடவில்லை. ஸ்ரீ சத்தியமூர்த்தியிடம் நமக்குள்ள மரியாதை குன்றாமலே, இந்த விஷயத்தில் நியாயம் டாக்டர் முத்துலக்ஷ்மியின் பக்கம் இருந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அரசியல் நிர்ணய சபையில்

சுதந்தர இந்தியாவின் அரசியல் சட்டத்தை வகுத்த பெரியோர்களுக்கும் இதே பிரச்னை எதிர்ப்பட்டது. 1949-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி, சட்டத்தின் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று ஸ்ரீ எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். சபையில் இருந்தவர்களில் அநேகர் பக்திமான்கள். எனினும் அந்தத் திருத்தம் 41-க்கு 68 என்ற வாக்குகளால் தோற்றது. கடவுளிடம் நம்பிக்கை வைப்பதும் வைக்காததும் ஒருவனுடைய மனச்சாட்சியின் காரியம், அதைச் சகலருடைய பெயராலும் சட்டத்தில் எழுதுவது கட்டாயமாகும் என்ற கருத்து மேலோங்கியது. புதுக்கோட்டைக் காசில் அம்மன் அமர்ந்திருந்த இடத்தில் குடியரசின் சட்டம் ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று பிரஜைகளை அமர்த்தியது. மதச்சார்பற்ற என்ற சொல் முகவுரையில் ஏறியது 1976-ம் வருஷத்தில்தான் என்றாலும், அதன் சாரம் ஆதியிலேயே சட்டத்தில் இருந்தது.

அதே சமயத்தில் அச்சட்டம் மதத்துக்குப் பகையாகவும் நிற்கவில்லை. 25-வது ஷரத்து ஒவ்வொருவனுக்கும் தன் மதத்தை நம்பவும் அனுஷ்டிக்கவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. அந்த ஷரத்திலேயே, சமூக சீர்திருத்தம் செய்யவும், பொதுவான இந்துக் கோவில்களை இந்துக்களில் சகல வகுப்பாருக்கும் திறந்துவிடவும் சர்க்காருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்து, அதை எந்த ரூபத்தில் அனுசரித்தாலும் குற்றம் என்கிறது. மதத்துக்குச் சுதந்தரமும், மதத்தின் பெயரால் மனிதனை விலக்கும் அநீதிக்குத் தடையும் ஒரே சட்டத்தில் அருகருகே நிற்கின்றன. நம்மவர்கள் எந்த மேல்நாட்டையும் பார்த்து இதை எழுதிவிடவில்லை. வைக்கத்திலும் குருவாயூரிலும் மதுரையிலும் பட்ட அனுபவம் இது.

ஐயனார் கோவில் வாசலில்

இனி நம் காலத்துக்கு வருவோம். புதுக்கோட்டை ஜில்லாவில் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்தது வேங்கைவயல். 2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் அங்கே தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகள் நோயில் விழுந்தனர். அவர்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது 26-ந் தேதி தெரிய வந்தது. தேசமே தலைகுனிந்தது. விசாரிக்கச் சென்ற கலெக்டர் கவிதா ராமுவிடமும் போலீஸ் சூப்பரிண்டெண்ட் வந்திதா பாண்டேயிடமும் ஜனங்கள் வேறு இரண்டு குறைகளையும் எடுத்துச் சொன்னார்கள். பக்கத்து இறையூரில் உள்ள டீக்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை என்றும், அங்குள்ள ஐயனார் கோவிலுக்குள் தங்களைத் தலைமுறைகளாக விடுவதில்லை என்றும் அவர்கள் முறையிட்டனர்.

கலெக்டர் கோப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஜனங்களைத் தாமே அழைத்துக்கொண்டு கோவிலுக்குள் சென்றார். அப்போது அங்கே சாமி வந்து ஆடிய ஒரு பெண்மணி, உள்ளே வந்தவர்களை இழிவாகப் பேசினார் என்று புகார் எழுந்தது. அவர்மீதும், தனிக் குவளை வைத்த கடைக்காரர்மீதும் வழக்குப் பதிவு செய்து போலீஸார் கைது செய்தனர்.

இந்தச் சிறு சம்பவத்தைப் பற்றி நாம் நெடுநேரம் சிந்தித்தோம். சாமியாடுதல் நம் கிராமங்களின் புராதன வழிபாடு. துக்கப்பட்டவன் ஆறுதல் தேடுவதும், ஊரார் மழை கேட்பதும் அந்த வாக்கிடத்தில்தான். அதை நாம் பரிகாசம் செய்யத் தயாராக இல்லை. அந்தப் பெண்மணியிடம் உண்மையில் ஐயனார் இறங்கினாரா, இல்லையா என்று எந்த மாஜிஸ்திரேட்டும் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் முடியாது. ஆனால், ‘இவன் உள்ளே வரலாகாது’ என்ற சொல் எந்த வாயிலிருந்து வந்தாலும், எந்தத் தெய்வத்தின் பெயரால் வந்தாலும், சட்டத்தின் முன் அது ஒரு மனிதர் மற்றொரு மனிதரைப் பார்த்துச் சொன்ன சொல்லாகவே கருதப்படும். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அப்பண்ண தண்டநாயகன் திருமயத்தில் நின்ற அதே இடத்தில் கலெக்டர் இறையூரில் நின்றார் என்று சொன்னால் மிகையாகாது.

பொது வழிபாட்டு இடத்தில் ஒருவனைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தால், 1955-ம் வருஷத்துச் சட்டப்படி ஒரு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, எழுபத்தைந்து வருஷங்கள் கழித்து ஒரு கலெக்டர் நேரில் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற பிறகே ஓர் ஊர்க் கோவிலின் கதவு திறக்கிறது என்றால், இத்தனை நாளும் அந்தச் சட்டம் எங்கே இருந்தது? புத்தகத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் நமக்குத் தெரியவில்லை.

தண்ணீர்த் தொட்டி வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சி.பி.சி.ஐ.டி. போலீஸார் 2025-ம் வருஷம் ஜனவரியில் வேங்கைவயலைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தனர். ஊர் ஜனங்கள் அதை ஏற்கவில்லை. பல கட்சியாரும் ஆட்சேபித்தனர். குற்றவாளி யார் என்று சொல்வது நியாயஸ்தலத்தின் பொறுப்பு. நாம் அதில் பிரவேசிக்க விரும்பவில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், கோவில் வாசலையும் டீக்கடைக் குவளையையும் பற்றி அன்று எழுந்த கேள்வி மறைந்துவிடாது.

இரண்டு ஆட்சேபங்கள்

நாம் கூறியதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும் என்பதை அறிவோம்.

கோவிலுக்குள் சர்க்கார் நுழையலாம் என்றால் அறநிலையத் துறையின் ஆதிக்கத்தை ஆதரிக்கிறீர்களா, இந்துக் கோவிலுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுக்காவல் என்று ஒரு சாரார் கேட்பர். கேட்கத் தக்க கேள்விதான். சென்னை ராஜதானியில் இந்தக் கண்காணிப்பு 1817-ம் வருஷத்து ஏழாவது ரெகுலேஷனோடு ஆரம்பமாயிற்று. அது கோவில்களின் மானியங்களோடு மசூதிகளின் மானியங்களையும் சேர்த்தே கூறியது. 1863-ல் சர்க்கார் கை கழுவிக்கொண்டு கமிட்டிகளிடம் ஒப்படைத்தது. சொத்துக்கள் களவு போகின்றன என்று பக்தர்களே முறையிட்டதன் பேரில் 1925-ம் வருஷத்துச் சட்டமும் அதன் வழிவந்த சட்டங்களும் பிறந்தன. 1954-ம் வருஷம் சிரூர் மடத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கோடு கிழித்தது. சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்கு செய்யலாம், மத அனுஷ்டானத்தில் மதத்தாருக்கே சுதந்தரம் என்பது அதன் சாரம். இன்றும் நாம் அந்தக் கோட்டையே பிடித்துக்கொள்கிறோம். தெய்வத்தின் சொத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. அந்த அதிகாரத்தைக் கொண்டு தர்மகர்த்தா பதவிகளைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடுவதும், கும்பாபிஷேகப் பந்தலைத் தேர்தல் மேடையாக்குவதும் கோட்டைத் தாண்டிய காரியங்கள். எந்தக் கட்சி செய்தாலும் அவை கண்டனத்துக்கு உரியவை. வக்பு சொத்தானாலும் மாதா கோவில் சொத்தானாலும் கணக்கு விஷயத்தில் சலுகை கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

மதச்சார்பற்ற ராஜாங்கத்தின் கலெக்டருக்குக் கோவிலில் என்ன வேலை, மதத்தைப் பொது வாழ்விலிருந்து அடியோடு விலக்குவதே சரி என்று மற்றொரு சாரார் கூறுவர். புதுக்கோட்டையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சமஸ்தானக் காலத்துத் தேவஸ்தானக் கோவில்கள் இன்று அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கின்றன. தமிழக சர்க்கார் அவற்றுக்கு மானியமும் வழங்கி வருகிறது. பொதுப் பணம் செல்லும் இடத்துக்குப் பொது நியாயமும் செல்ல வேண்டாமா? பணம் செல்லாத ஊர்க் கோவிலானாலும், அது பொதுக் கோவில் என்றால், அதன் வாசலில் ஒரு பிரஜை அவமானப்படும்போது ‘அது மத விஷயம்’ என்று சர்க்கார் முகத்தைத் திருப்பிக்கொள்வது நடுநிலைமை ஆகாது. கதவைச் சாத்தியவன் பக்கம் சேர்ந்துகொள்வதே ஆகும்.

மகாத்மா காந்தியைவிட மதத்தைப் பொது வாழ்வில் கலந்தவர் நம் காலத்தில் வேறு எவர்? மதமும் அரசியலும் வேறு வேறு என்பவர்கள் மதத்தை அறியாதவர்கள் என்று கருதியவர் அவர். அவரே தம் கடைசிக் காலத்தில், ராஜாங்கத்துக்கு மதத்தில் வேலையில்லை, அது அவரவர் சொந்த விஷயம் என்று வற்புறுத்தி வந்தார். இதில் முரண்பாடு இருப்பதாக நாம் நினைக்கவில்லை. தனி மனிதனின் தொண்டுக்கும் தியாகத்துக்கும் பக்தி ஊற்றாக இருக்கலாம். ஆனால் ராஜாங்கத்தின் கையில் போலீஸும் சிறையும் வரியும் இருக்கின்றன. அந்தக் கருவிகளைப் பக்தியின் பெயரால் உபயோகிக்கத் தொடங்கினால், பக்தியும் கெடும், ராஜாங்கமும் கெடும்.

செய்ய வேண்டியது

ஆகையால் தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறும் யோசனை மிகச் சாதாரணமானது. மதச்சார்பின்மை என்ற பதத்தின் தத்துவார்த்தத்தைப் பற்றி விடிய விடிய வாதாடுவதோடு நின்றுவிடாமல், அவரவர் ஊரில் மூன்று இடங்களைப் போய்ப் பாருங்கள். பொதுக் கோவிலின் வாசல், குடிநீர்த் தொட்டி, டீக்கடைப் பலகை ஆகிய மூன்றிலும் எல்லோருக்கும் ஒரே நியாயம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் அதிகாரிகளிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இன்னொரு கிராமத்தின் குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் கலெக்டர் வர வேண்டும் என்ற நிலைமை வேண்டாம். சட்டசபை அங்கத்தினர்களிடமும், இந்தச் சட்டங்களின்கீழ் உங்கள் ஜில்லாவில் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை நியாயஸ்தலத்தில் தீர்ந்தன என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் கோவிலில் எத்தனை முறை விழுந்து கும்பிட்டார் என்பது நமக்கு அவசியமில்லை. அந்தக் கோவிலுக்குள் யார் யார் நுழைய முடிகிறது என்று அவர் எப்போதாவது கேட்டிருக்கிறாரா என்பதே அவசியம்.

தொண்டைமான்களின் அரண்மனையில் இன்று கலெக்டர் அலுவலகம் நடக்கிறது. பிரகதாம்பாளின் தாசர்கள் இருந்த இடத்தில் பிரஜைகளின் ஊழியர்கள் இருக்கின்றனர். அதனால் அம்மனுக்கு ஒரு குறைவும் நேர்ந்துவிடவில்லை. திருக்கோகர்ணத்தில் அவளுக்குக் காலந்தோறும் பூஜை நடக்கிறது, ஜனங்கள் தரிசித்து வருகிறார்கள். ராஜ்யபாரம் என்ற சுமை அவள் பெயரிலிருந்து இறங்கிற்று, அவ்வளவே. அந்தச் சுமையை இப்போது ஏற்றுக்கொண்டிருப்பவர்கள் நாம். இறையூரில் ஒரு நாள் திறந்த கதவு மறுநாள் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் நம்முடையதே. அதை எந்தத் தெய்வத்தின் தலையிலும் சுமத்த நமக்கு உரிமையில்லை.